பதவி உயர்வு கிடைத்துவிட்டது... இனிதான் பாடம் ஆரம்பம்

மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மஸ்ஜித் வாசலில் ஓர் இளைஞர் இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவர். "ஹஜ்ரத், என்னை டீம் லீடர் ஆக்கிட்டாங்க. எனக்குக் கீழே ஒன்பது பேர். துஆ செய்யுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அத்தாவின் முகத்தில் இருந்த பூரிப்பை நாம் இன்னும் மறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே இளைஞர் மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் இனிப்பு இல்லை. "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் ஹஜ்ரத்" என்றார். ஒன்பது பேரில் இரண்டு பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள். மற்றவர்கள் முடித்துத் தரும் வேலையில் திருப்தி இல்லாமல், இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் இவரே மறுபடியும் செய்கிறார். மேலே இருப்பவர் "டீமை உங்களால் நடத்த முடியவில்லை" என்கிறார். மூன்று வயது மகள் அத்தா வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். "நான் நல்லாத்தானே வேலை பார்த்தேன்? எங்க தப்பு பண்ணினேன்?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வியை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். துபாயில் சூப்பர்வைசர் ஆனவர், தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்புக்கு வந்தவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஆன சகோதரி என்று எல்லோருக்கும் ஏறக்குறைய இதே அனுபவம்தான். பதவி உயர்வு வந்த அன்று வீடே கொண்டாடுகிறது. அந்தப் பதவிக்குரிய வேலை என்ன என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வேலையே மாறிவிட்டது

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பொறுப்பாளராக ஆவது, பழைய வேலையில் ஒரு படி மேலே ஏறுவது அல்ல. அது வேறொரு வேலை. நேற்று வரை உங்கள் கை என்ன செய்தது என்பதை வைத்து உங்களை மதிப்பிட்டார்கள். இன்று முதல் உங்கள் குழு என்ன செய்தது என்பதை வைத்து மதிப்பிடுவார்கள். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் 1983-இல் வெளியிட்ட நிர்வாக நூலின் அடிப்படைக் கருத்தும் இதுதான்: ஒரு மேனேஜருடைய உற்பத்தி என்பது அவருடைய குழுவின் உற்பத்தி.

நன்றாக வேலை செய்பவர் நன்றாக வேலை வாங்குவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது அப்படி அமைவதில்லை. 1969-இல் லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் ஆகிய இருவர் எழுதிய 'பீட்டர் பிரின்சிபிள்' என்ற நூல் இதைக் கேலியாகச் சொன்னது. திறமையானவரைப் பதவி உயர்த்திக்கொண்டே போய், அவருக்குத் திறமை இல்லாத ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். ஐம்பது வருடம் கழித்து, 2019-இல், மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து இதை உறுதி செய்தார்கள். அதிகம் விற்றவர்களே மேனேஜர் ஆனார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சராசரியாகக் குறைந்தது.

நம் வரலாற்றிலும் இதற்கு ஒரு படிப்பினை இருக்கிறது. அபூதர் (ரலி) அவர்களின் நேர்மையிலும் இறையச்சத்திலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர்கள் ஒருமுறை தமக்கு ஒரு பொறுப்பு வேண்டும் என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தரவில்லை. அந்தச் சுமைக்குரிய பலம் அபூதரிடம் இல்லை என்றும், பொறுப்பு என்பது ஓர் அமானிதம் என்றும் அன்போடு உணர்த்தினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நல்ல மனிதராக இருப்பது ஒன்று, மனிதர்களை நடத்திச் செல்வது இன்னொன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தத் திறமை பழகப் பழக வரக்கூடியதுதான். ஆனால் அது தானாக வராது. கார் ஓட்டுவதைப் போல, தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

முதல் மாதம் காதுக்கு உரியது

புதிதாகப் பொறுப்புக்கு வருபவர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, வந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றுவது. தம்முடைய திறமையைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் அது. முதல் மாதம் பேசுவதைவிடக் கேட்பதற்கே உரியது.

குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். நான்கு கேள்விகள் போதும். இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்? அதில் எது உங்களுக்குத் தடையாக இருக்கிறது? நீங்கள் என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்? என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்? பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன தடைகளில் சிறிய ஒன்றையாவது அந்த மாதத்திற்குள் தீர்த்து வையுங்கள். பழுதான நாற்காலியோ, கையெழுத்துக்காகக் கிடக்கும் ஒரு விண்ணப்பமோ, எதுவாக இருந்தாலும் சரி. நூறு கூட்டங்களில் பேசி வராத நம்பிக்கை அந்த ஒரு காரியத்தில் வந்துவிடும்.

அதே மாதத்தில் உங்களுக்கு மேலே இருப்பவரிடமும் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "மூன்று மாதம் கழித்து எதைப் பார்த்து என் வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்வீர்கள்?" நம் இளைஞர் இந்தக் கேள்வியை எட்டு மாதமாகக் கேட்கவே இல்லை. மேலதிகாரி சரியான நேரத்தில் வேலை முடிவதை எதிர்பார்த்தார். இவரோ ஒரு பிழைகூட இல்லாமல் முடிக்க வேண்டும் என்று இரவெல்லாம் விழித்திருந்தார்.

நாற்பது முழம்

ஹிஜ்ரி 5-இல், கி.பி. 627-இல், மதீனாவைக் காக்க அகழ் தோண்டப்பட்டது நாம் எல்லோரும் அறிந்த வரலாறு. அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி). அரபு நாட்டில் யாரும் அதுவரை கையாளாத முறை அது. குழுவில் புதியவர், வேறு நாட்டுக்காரர் சொன்ன யோசனை ஏற்கப்பட்டது என்பது முதல் படிப்பினை.

இரண்டாவது, வேலை பிரிக்கப்பட்ட விதம். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து கொடுக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. யாருக்கு எந்த இடம், எவ்வளவு நீளம் என்பதில் குழப்பம் இல்லை. நபி (ஸல்) அவர்களும் பசியோடு மண் சுமந்தார்கள். தோழர்களின் கஷ்டத்தில் பங்கெடுத்தார்கள். ஆனால் அவரவருக்கு அளந்து கொடுத்த பொறுப்பு அவரவரிடமே இருந்தது.

இன்றைய புதிய பொறுப்பாளர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்பது பேருடைய நாற்பது முழத்தையும் தாமே தோண்டப் பார்க்கிறார்கள். "அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்கிற நேரத்துல நானே முடிச்சிடுவேன்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். இன்றைக்கு அது உண்மைதான். ஆனால் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அந்த வேலை உங்கள் தலையிலேயே இருக்கும். அவரும் கற்றுக்கொள்ள மாட்டார். தம்மை நம்பவில்லை என்ற வருத்தம் மட்டும் அவரிடம் வளரும்.

ஒரு வேலையை ஒப்படைக்கும்போது ஐந்து விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். என்ன முடிய வேண்டும், அது ஏன் தேவை, எந்தத் தேதிக்குள், எதையெல்லாம் அவரே முடிவு செய்யலாம், இடையில் எந்த நாளில் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது. இந்த ஐந்தில் நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுவது கடைசி இரண்டையும்தான். எல்லை தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் அவர் உங்களிடம் ஓடி வருவார், அல்லது எதையுமே கேட்காமல் தவறாகச் செய்துவிடுவார். பார்க்கும் நாள் குறிக்காததால் நீங்கள் தினமும் அவர் தோளுக்குப் பின்னால் போய் நிற்பீர்கள்.

எல்லோரையும் ஒரே அளவில் மேற்பார்வை செய்யவும் கூடாது. ஒரு வேலைக்குப் புதியவருக்கு எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். ஓரளவு பழகியவரோடு கலந்து பேச வேண்டும். கைதேர்ந்தவருக்கு இலக்கை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். பத்து வருட அனுபவம் உள்ளவரும் ஒரு புதிய வேலையில் புதியவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூத்தவர்களும் நேற்றைய நண்பர்களும்

நம்மைவிட வயதில் மூத்தவர் நமக்குக் கீழே வேலை பார்ப்பது நம் சமூகத்தில் மிகவும் சங்கடமான நிலை. நேற்று வரை ஒன்றாக டீ குடித்த நண்பருக்கு இன்று வேலை சொல்வதும் அப்படித்தான்.

உஸாமா (ரலி) அவர்களுக்குச் சுமார் 18 வயது இருக்கும்போது, ஹிஜ்ரி 11-இல், ஷாம் நோக்கிச் செல்லும் படைக்கு அவர்களைத் தலைவராக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தப் படையில் மூத்த தோழர்கள் பலர் இருந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். உஸாமா அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவரே என்று நபியவர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அந்தப் படையை அனுப்பி வைத்தபோது, உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்க, கலீஃபா பக்கத்தில் நடந்தே சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு நிறுத்திக்கொள்ள விரும்பியபோது உத்தரவு போடவில்லை. அந்த இளம் தலைவரிடம் அனுமதி கேட்டார்கள்.

மேலே இருப்பவர்களுக்கான பாடம் இது. ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டால், அவரைத் தாண்டிப் போய் அவருடைய ஆட்களுக்கு நேரடியாக உத்தரவு போடாதீர்கள். புதிய பொறுப்பாளருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முடிவெடுக்கும் அதிகாரமும் மூத்தவருக்குரிய மரியாதையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. "அண்ணே, இந்த முடிவு நான் எடுக்க வேண்டியது. எடுக்கறதுக்கு முன்னாடி உங்க அனுபவத்தைக் கேட்டுக்கறேன்" என்று சொல்வதில் யாருக்கும் இழிவு இல்லை.

இதை நாம் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு மத்ரஸாவின் நிர்வாகப் பொறுப்பு நம்மிடம் வந்தது. நமக்கு அரபு இலக்கணம் கற்றுத் தந்த ஓர் உஸ்தாத் அங்கேதான் பணியில் இருந்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்குத் தாமதமாக வந்தார்கள். மூன்றாம் நாள், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "மணி என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா உஸ்தாத்?" என்று கேட்டுவிட்டோம். அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வகுப்புக்குள் போனார்கள். வீட்டில் துணைவியாருக்கு உடல்நலம் மோசமாகி, காலையில் மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், மன்னித்தார்கள். ஆனால் ஆசிரியர் அறைக்குள் நாம் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும் நிலை மாறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. ஒரு வாக்கியம் அத்தனை மாதங்களைத் தின்றுவிட்டது.

தவறைச் சொல்லும் முறை

அதற்காகத் தவறைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சிலர் கெட்ட பெயர் வேண்டாம் என்று ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, வருட முடிவில் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அது கருணை அல்ல, அநீதி. திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அவருக்குத் தராமலேயே தண்டிக்கிறோம்.

தவறைத் தனியாக, சீக்கிரமாக, குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நீங்க எப்பவும் பொறுப்பில்லாம இருக்கீங்க" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. "திங்கட்கிழமை தர வேண்டிய அறிக்கை புதன்கிழமை வந்துச்சு. அதனால வாடிக்கையாளர்கிட்ட நாம தேதி மாத்திக் கேட்க வேண்டியதாப் போச்சு. என்ன நடந்துச்சு?" என்பது நடந்ததைப் பற்றிய பேச்சு. இதில் எப்போது, என்ன நடந்தது, அதன் விளைவு என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். உஸ்தாதிடம் நாம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பொதுவில் சொல்ல வேண்டிய தவறாக இருந்தால், நபி (ஸல்) அவர்கள் பெயர் குறிப்பிடாமல், சிலர் இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் நமக்குத் தெரியும். பாராட்டு மட்டும் பெயரோடு இருக்கட்டும். "எல்லாரும் நல்லாப் பண்ணினீங்க" என்பதைவிட, யார் எதைச் சிறப்பாகச் செய்தார் என்று சொல்வதற்கே மதிப்பு.

தவறை மறைக்காத குழு

பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியர் ஆன ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்குப் பார்த்தால் நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம்! பிறகுதான் காரணம் புரிந்தது. நல்ல குழுவில் இருந்தவர்கள் தவறு நடந்தால் பயப்படாமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் மறைத்தார்கள்.

உங்கள் குழுவில் யாருமே தவறு செய்வதாகத் தெரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். உங்களிடம் சொல்லப் பயப்படுகிறார்களா என்று பாருங்கள். மோசமான செய்தியைக் கொண்டு வருபவரிடம் உங்கள் முதல் வார்த்தை "சொன்னதுக்கு நன்றி" என்று இருக்கட்டும். உங்கள் தவறை நீங்களே கூட்டத்தில் ஒப்புக்கொண்டு காட்டுங்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

கூகுள் நிறுவனம் 2002-இல் பொறியியல் பிரிவில் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது. சில மாதங்களில் அதைக் கைவிட்டது. பின்னர் நல்ல மேனேஜர்களிடம் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எட்டு விஷயங்களைப் பட்டியலிட்டபோது, முதலிடத்தில் இருந்தது நல்ல பயிற்சியாளராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடத்தில் இருந்தது.

நீதி என்ற சோதனை

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலும் வெளியூரிலும் பொறுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் மீது, "நம்ம ஊர்க்காரங்களைக் கவனிச்சுக்கோ" என்ற பாரம் ஏற்றப்படுகிறது. தகுதியுள்ளவருக்கு வாய்ப்பு இருப்பதைத் தெரியப்படுத்துவது உதவி. தகுதியில்லாதவரை நுழைப்பதும், நம்மவர் என்பதற்காக லேசான ஷிப்ட் கொடுப்பதும் அமானிதத்தில் கை வைப்பது. கூட இருக்கும் நேபாளத்துக்காரரும் கேரளத்துக்காரரும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விடுமுறைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு நமக்கு விடுப்பு வேண்டும் என்று நினைக்கும் அதே மனது, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவருக்கு வேண்டும் என்று நினைக்க வேண்டும். வருட ஆரம்பத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்து மஷ்வரா செய்து, யார் எந்த நாளில் யாருக்காக வேலை பார்ப்பது என்று எழுதி ஒட்டிவிட்டால், ஒருவர் மனதிலும் கசப்பு இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெற்றோர்களுக்கும் துணைவியருக்கும் ஒரு வேண்டுகோள். பொறுப்புக்குப் புதிதாக வந்த ஒரு வருடம் மிகவும் தடுமாற்றமான காலம். தமக்குத் தெரிந்த வேலையை விட்டு, தெரியாத வேலையை அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். "சம்பளம் எவ்வளவு கூடுச்சு?" என்று கேட்பதோடு, "ஆட்களோட எப்படிப் போகுது?" என்றும் கேளுங்கள். அவர் பேசட்டும். உறவினருக்கு வேலை வாங்கித் தரச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். நம் மகளோ மருமகளோ பொறுப்புக்கு வந்திருந்தால், அலுவலகப் பாரத்தோடு வீட்டுப் பாரம் முழுவதையும் அவர் மீதே வைக்காதீர்கள். வீட்டு வேலையையும் நாற்பது முழமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞரிடம் அன்று நாம் சொன்னது இதில் ஒரு சிறு பகுதிதான். "ராஜினாமாவை மூன்று மாதம் தள்ளிப் போடுங்க தம்பி. இந்த வாரம் ஏழு பேரோடயும் தனித்தனியா உட்காருங்க. இரவில் நீங்க திருத்துற வேலைகள்ல ஒன்னே ஒன்னை மட்டும் திருத்தாம, செஞ்சவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துப் பாருங்க" என்றோம். போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. மேலதிகாரியின் கோபம் முழுதாகத் தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் சென்ற மாதம் அவர் போனில் சொன்னார்: "வாரத்துல மூணு நாள் ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறேன் ஹஜ்ரத். பாப்பா முழிச்சிருக்கா."

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மனிதர்களைப் பற்றி நாளை நம்மிடம் விசாரணை உண்டு. அந்த அமானிதத்தை நீதியோடும் கனிவோடும் நிறைவேற்றும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் தந்தருள்வானாக!